யார் வீட்டுச் சளி

மிக்சி ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடாமல் நின்றுபோன எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்று நினைப்பான். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கப்ளர் உடைந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் காயில் கருகியிருக்கும். மூன்றும் சேர்ந்து போவது கிடையாது. மைசூரில் குவெம்பு நகர்ப் பக்கம் ஒரு சந்தில் பதினான்கு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த நம்பிக்கையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் என் பதினோரு மாத மகள் யாழினிக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ரெண்டு வைரஸ் இருக்கு" என்றதும், அவர் தப்பாகப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது குழந்தை நன்றாக இருக்கிறாள். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக் கதைகளைப் படிக்கும்போது அந்த ஒரு விஷயம் தெரியாமல் எனக்கு அடுத்த வரிக்குக் கண் போகாது. நான் இதை எழுதும்போதே அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் டெஸ்டரைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் வெட்கக்கேடானது என்பதால் மெதுவாக வருகிறேன்.

யாழினிக்கு மொட்டையும் காதுகுத்தும் மாதேஸ்வரன் மலையில்தான் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். நான் மார்டள்ளிக்காரன். என் மனைவி கவிதாவுக்கு ஹனூர். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் சாமி, சத்தியம், சமாதானம் எல்லாம் அந்த மலையில்தான். எங்கள் வழக்கப்படி குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால்தான் மொட்டையடிக்கக் கத்தி எடுப்பார்கள். தாய்மாமன் வரவில்லையென்றால் விசேஷமே இல்லை. ஆகவே கவிதாவின் அண்ணன் மாதேஷ் மச்சான், ஹனூரில் டிராக்டர் வைத்து ஓட்டுகிறவர், அன்றைக்குக் குழந்தையின் அப்பனைவிட முக்கியமான ஆள். புது வேட்டி, புதுச் சட்டை, சிவந்த கண், அதைவிடச் சிவந்த மூக்கு என்று வந்து இறங்கினார்.

"டிராக்டர் தூசிங் மாப்ள" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

மார்டள்ளியிலிருந்து என் அக்கா ராணி வந்தாள். குழந்தைக்கு அத்தை. சீர்த்தட்டை இறக்கி வைத்த கையோடு முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "மொளகாய் அரைச்ச கைய மூக்குல வெச்சுட்டன்டா தம்பி" என்றாள். அவளையும் நான் கேட்கவில்லை. விசேஷ வீட்டில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? எனக்கே அன்று குரல் கட்டியிருந்தது. வேன்காரனோடு இரண்டு நாள் போனில் கத்தியதில் அப்படி ஆகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். காலையில் கிளம்பும்போது கவிதா ஒரு டம்ளர் மிளகு ரசம் சுடச்சுட ஊற்றிக் கொடுத்தாள். மலை வளைவுகளில் வயிறு புரட்டாமல் இருக்கும் என்றாள். குடித்துவிட்டு வேனில் ஏறினேன்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. தலையில் சந்தனம் பூசியதும் யாழினி அறுபது பேர் கைமாறி வந்தாள். அறுபது பேரும் முத்தம் கொடுத்தார்கள். சிலர் கன்னத்தில், சிலர் நேராக வாயில். பிறகு காதுகுத்து. வலது காது முடிந்து இடது காதுக்குத் திரும்புவதற்குள் அவள் ஆசாரியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். கூட்டத்தின் கால்களுக்கிடையில் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மொட்டைத் தலையும் ஒற்றைத் தோடுமாகக் குழந்தையை மைசூருக்குக் கூட்டி வந்தோம்.

ஐந்தாம் நாள் மூக்கு ஒழுகியது. ஆறாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் காலையில் பாலை வாயில் வாங்கிவிட்டு விழுங்க முடியாமல் விட்டுவிட்டாள். நான் தொழில் பழக்கத்தில் காதை அவள் முதுகில் வைத்துக் கேட்டேன். எண்ணெய் இல்லாத பேரிங் மாதிரி உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து போனது. போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன். எழுபத்திரண்டு. இந்த வயதில் அசையாமல் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு ஐம்பது மூச்சைத் தொட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இந்த வேகத்தில் எந்த மோட்டாரும் நெடுநேரம் ஓடாது.

கவிதா அதற்குள் செருப்புப் போட்டு வாசலில் நின்றாள். அவள் கார்மெண்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் பேச மாட்டாள். ஆட்டோவை அவளே கைகாட்டி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கால் கட்டைவிரலில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற இரண்டையும் அந்தக் கிளிப் பார்த்து மேலே உள்ள திரையில் காட்டிவிடும். ஆக்சிஜன் எண்பத்தெட்டு என்று வந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நிலைமை புரிந்தது. பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும். காகிதத்தில் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்தார். "இது நுரையீரல். இந்தக் கடைசிக் கிளை இருக்கே, நூல் மாதிரி சன்னமான குழாய், அதுக்குள்ள வீக்கம். சளி வேற அடைச்சிருக்கு. உள்ள போன காத்து வெளிய வர கஷ்டப்படுது. இதுக்குப் பேரு ப்ராங்கியோலைட்டிஸ். வைரஸ்னால வருது. ஆன்டிபயாடிக் இதுல வேலை செய்யாது."

"அப்ப என்ன மருந்துங்க?"

"ஆக்சிஜன், போதுமான நீர்ச்சத்து, மூக்கைச் சுத்தமா வெக்கிறது. மிச்சத்தை அவளேதான் செய்யணும். நாம பக்கத்துல இருக்கணும்."

எனக்கு இது சரிப்படவில்லை. பழுது என்று வந்தால் கழற்ற வேண்டும், எதையாவது மாற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பது என்ன வேலை? ஆனால் அந்த வார்டில் பத்து அப்பன்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில் அப்பாவுக்கு ஹெப்பாளில் வேலை, கன்னடக்காரர். திரையை நாள் முழுக்க நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி கட்டிலில் மகனுக்குத் துண்டும் நாற்காலியில் கணவனுக்குத் தைலமும் மாறி மாறித் தேடினாள்.

வார்டை ஆண்டது பிரேமா சிஸ்டர். குழந்தைகளிடம் வெண்ணெய், பெரியவர்களிடம் சுத்தியல். முதல் நாளே யாழினிக்கு "ஒந்து ஓலே பாப்பு" என்று பெயர் வைத்துவிட்டார். ஒற்றைத் தோட்டுப் பாப்பா. ஓலே என்றால் கன்னடத்தில் தோடு. மூக்கில் ஆக்சிஜன் குழாயைக் கன்னத்தோடு ஒட்டும்போது, பிளாஸ்திரியில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன பூ வெட்டி ஒட்டினார். பெரியவர்களுக்கு அவர் சொன்னது மூன்றே விஷயம்: அப்பா அம்மா தவிர ஒரு குழந்தைக்கு ஒரு ஆள், மூக்கில் மாஸ்க், வாயில் பூட்டு.

மூன்றும் எங்கள் குடும்பத்துக்கு ஆகாதவை.

மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில்தான் அந்த இரண்டு வைரஸும் வந்தன. ஒன்று ஆர்.எஸ்.வி. கைக்குழந்தைகளின் நுரையீரலுக்குள் இறங்கி வம்பு செய்வதில் பேர்போனது. இன்னொன்று ரைனோ. பெயர் காண்டாமிருகத்தை நினைவூட்டினாலும் சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணமானது.

"ரெண்டுன்னா ரெண்டு மடங்குங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிக் கணக்குப் போட முடியாது" என்றார் டாக்டரம்மா. "சில குழந்தைங்களுக்கு ரெண்டு சேர்ந்தா கஷ்டம் கூடுது. பல பேருக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஒண்ணு இப்ப வந்ததா இருக்கும், இன்னொண்ணு போன மாசத்துச் சளியோட மிச்சமாக்கூட இருக்கும். டெஸ்ட்ல அது தெரியாது. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரே பேச்சுக்கு வரல. நான் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்கல, உங்க பொண்ணுக்குப் பாக்குறேன். அவ மூச்சு எப்படி இருக்குங்கிறதுதான் எனக்கு முக்கியம்."

இதை நான் வெளியே போய் அப்படியே சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

வார்டுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஹனூரிலிருந்து வந்த மாதேஷ் மச்சான், மறுமுனையில் மார்டள்ளியிலிருந்து வந்த என் அக்கா. நடுவில் இரண்டு தூக்குப் போசி. இரண்டிலும் கஞ்சி. குழந்தைக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டு ஊர்க் கஞ்சியையும் நான்தான் குடிக்க வேண்டும். ஒன்றை மீதம் வைத்தால் அந்தப் பக்கம் முகம் சுருங்கிவிடும்.

"ரெண்டு வைரஸா?" என்றாள் அக்கா. "ஒண்ணு சாதாரணச் சளிங்கறாங்க, இன்னொண்ணு கெட்டதுங்கறாங்க. அப்ப ஒண்ணு நம்ம பக்கம், ஒண்ணு அவிய பக்கம். அந்தக் கெட்டது எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்லவே வேண்டியதில்ல."

"ஏனுங்க்கா, எங்க வூட்டுல ஆருக்கும் தும்மல்கூட இல்லீங்" என்றார் மச்சான், தும்மிக்கொண்டே.

"எங்க வூட்டுல இருந்தது வெறும் ஜலதோஷம். அதும் மூணு நாள்ல போயிருச்சு."

"அப்ப இருந்துச்சுங்களா?"

அக்கா முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. அடுத்த அரை மணியில் ரைனோவை மார்டள்ளிக்கு ஏற்றுக்கொண்டு, ஆர்.எஸ்.வி.யை முழுவதுமாக ஹனூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். காலையில் பால் ஊற்ற வருகிறவரிலிருந்து கல்யாணத் தரகர் வரை போனில் செய்தி போனது. மாலையில் கொள்ளேகாலிலிருந்து கவிதாவின் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, உங்க பக்கத்து வைரஸ் மொதல்ல வந்து கதவத் தொறந்து வெச்சதுனாலதான் இன்னொண்ணு உள்ள வந்துச்சாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு விஞ்ஞானம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேள்வி மட்டும் டாக்டரம்மாவே யோசிக்கிற கேள்வியாக இருந்தது.

அதோடு அக்கா ஒரு பாட்டிலில் கற்பூரம் காய்ச்சிய எண்ணெயைக் கொண்டு வந்திருந்தாள், நெஞ்சில் தடவ. பிரேமா சிஸ்டர் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தார். கைக்குழந்தைக்குக் கற்பூரம் விஷம் மாதிரி, வலிப்புகூட வரும் என்று சொல்லிவிட்டு, அக்கா கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டார். எங்கள் அக்காவின் கையிலிருந்த பாட்டிலை ஒருவர் வாங்கிக் குப்பையில் போடுவதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று எனக்கு அந்தப் பெஞ்சைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஊர். உள்ளே குழந்தை ஒவ்வொரு மூச்சையும் மலை ஏறி எடுத்து வருகிறாள். ஒருவரும் வாயை மூடவில்லையே என்று கோபம். சளியை மறைத்துக்கொண்டு விசேஷத்துக்கு வந்தார்களே, வந்து மடியில் வைத்துக் கொஞ்சினார்களே என்று அதைவிடக் கோபம். இருவரையும் மனதுக்குள் வைது தீர்த்தேன்.

மூன்றாம் நாள் காலை யாழினிக்கு மூச்சு எழுபதிலிருந்து இறங்கவில்லை. சோர்ந்து போய் அழுவதையும் நிறுத்திவிட்டாள். டாக்டரம்மா வந்து நெடுநேரம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களை ஒதுக்கி அழைத்துச் சொன்னார்: "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம். அவ களைச்சுப் போறான்னா ஐ.சி.யு.வுக்கு மாத்தணும். அங்க சூடான ஈரக்காத்தை வேகமா மூக்குல அனுப்புவாங்க. அதுக்கும் சரியாகலன்னா தொண்டைல குழாய் போட்டு மெஷின்ல மூச்சு." கவிதா தலையாட்டினாள். குழந்தையின் மொட்டைத் தலையில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத் துணுக்கு ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். இரண்டு நாளாக உட்கார்ந்தே தூங்கிய கவிதாவை முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். எனக்கு டீ வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் என்ற சட்டப்படி பத்து நிமிடத்துக்கு மாதேஷ் மச்சானை உள்ளே அனுப்பினேன். மாஸ்க்கை நானே கட்டிவிட்டேன். "தொடாதீங்க மச்சான், சும்மா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கோடு இறங்கினேன்.

டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாடிப்படியிலேயே மணிச் சத்தம் கேட்டது. திரையின் மணி. நான் மூன்று நாளில் எல்லா மணியையும் பழகியிருந்தேன். இது நான் கேட்காத மணி. வார்டு வாசலில் பிரேமா சிஸ்டர் ஓடினார். பின்னால் ஒரு சின்ன டாக்டர் ஓடினார். இன்னொரு நர்ஸ் ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். மூன்று பேரும் எங்கள் கட்டிலுக்குத் திரும்பினார்கள். என் பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் படி ஏறியது நினைவில்லை. ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றிருந்தேன்.

திரையில் இதயத்துடிப்பு எழுபத்தாறு என்று எழுதியிருந்தது. பெரியவர்களுக்கு அது நல்ல எண். பதினோரு மாதக் குழந்தைக்கு நூற்றைம்பது ஓட வேண்டிய இடத்தில் எழுபத்தாறு என்றால் இதயம் நிற்கப் போகிறது என்று அர்த்தமாம். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று. சின்ன டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துவிட்டார். வைத்தவர் விழித்தார். உள்ளே இதயம் வழக்கம்போல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாழினி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரேமா சிஸ்டர் கிளிப்பின் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். ஒயர் கட்டிலுக்கு அடியில் போய், நாற்காலிக்குப் பின்னால் போய், மடித்த துண்டுக்குள் போனது. துண்டை விலக்கினார்.

"இது யாரு பெரளு?" என்றார்.

அது மாதேஷ் மச்சானின் சுட்டுவிரல். டிராக்டர் கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"பாப்பா கால ஆட்டுனா கிளிப்பு கழண்டுக்குதுங். கழண்டா மணி அடிக்குது. மணி அடிச்சா முழிச்சு அழுவுறா, அழுதா மூச்சு முட்டுது" என்றார் மச்சான் எழுந்து நின்று. கை இன்னும் துண்டுக்குள்தான் இருந்தது. "பிள்ள செத்த நேரம் தூங்கட்டும்னு என்ற வெரல்ல மாட்டிக்கிட்டனுங். மெஷினுக்கு ஒரு வெரல்தானுங்களே வேணும்."

பிரேமா சிஸ்டருக்கு முகம் சிவந்தது. கன்னடத்தில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது; அதில் மச்சானின் டிராக்டரும் வந்தது. சொல்லி முடித்துவிட்டுக் கிளிப்பைப் பிடுங்கி யாழினியின் கால் கட்டைவிரலில் மாட்டினார். எல்லாரும் திரையைப் பார்த்தோம். எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன. துடிப்பு நூற்று நாற்பது. ஆக்சிஜன் தொண்ணூற்றாறு.

சின்ன டாக்டர் குழந்தையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். ஐம்பத்தெட்டு. மூன்று நாளில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கியிருந்தாள். விலாவுக்குக் கீழே அந்தக் குழி பாதியாகக் குறைந்திருந்தது. "பரவாயில்லையே" என்றார். பிறகு மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூத்தொண்ணு உங்களோடதா?"

குழந்தையைவிட மாமனுக்கு ஆக்சிஜன் குறைவு. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உள்ளே நாதஸ்வரம். கீழே புறநோயாளிகள் பிரிவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அங்கே எல்லாம் வெளியே வந்தது. விசேஷத்துக்கு நாலு நாள் முன்பிருந்தே காய்ச்சல், இருமல். மாத்திரை போட்டு அமுக்கிக்கொண்டு மலைக்கு வந்திருக்கிறார். தாய்மாமன் வரவில்லையென்றால் பிள்ளைக்கு மொட்டை நின்றுவிடும். தங்கச்சி அறுபது பேர் முன்னால் தலைகுனிவாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது மச்சான் அழுதார். அவ்வளவு பெரிய மீசை வைத்துக்கொண்டு ஒருவர் அழுதால் திட்டுவது கஷ்டம். ஆனாலும் நான் திட்டினேன். நாலு பேர் பார்க்க, "சளின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

பெஞ்சின் மறுமுனையில் அக்காவுக்குத் தேர்தலில் ஜெயித்த முகம். ஐந்து நிமிடம் இருந்தது. பிரேமா சிஸ்டர் அவளையும் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கெல்லாம் சளி என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியபோது, மார்டள்ளியில் அக்கா, அத்தான், பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீடு வரை மூக்கொழுகியிருந்தது தெரிந்தது. டாக்டரம்மா மாலையில் வந்தபோது அக்கா அவரையே கேட்டுவிட்டாள், இதில் எது எவருடையது என்று.

"வைரஸ்ல ஊர் பேரு எழுதியிருக்காதும்மா" என்றார் டாக்டரம்மா. "ஆர்.எஸ்.வி. உங்ககிட்ட இருந்துகூட வந்திருக்கலாம். பெரியவங்களுக்கு அது சாதாரணச் சளி மாதிரிதான் இருக்கும். குழந்தைக்குத்தான் இப்படி. அதனாலதான் சளி இருக்கிறவங்க கைக்குழந்தையைத் தூக்கக்கூடாது, கையைக் கழுவணும், வாய்ல முத்தம் கொடுக்கக்கூடாதுன்னு சொல்றோம். அவ்வளவுதான் விஷயம்." அக்கா அதற்குப் பிறகு பெஞ்சின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தூக்குப் போசியையும் ஒன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஐந்து மணிக்கு மூச்சு ஐம்பத்தாறு. ஐ.சி.யு. வேண்டாம் என்றார்கள். நான் மாடிப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தேன். கழுத்துப் பிடித்த அந்தப் பக்கத்துக் கட்டில்காரரும் எதற்கோ அங்கே வந்தவர், என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

மச்சானுக்கு வார்டுக்குள் தடை. மருந்தும் உறிஞ்சும் பம்பும் கொடுத்து வீட்டில் படுக்கச் சொன்னார்கள். அவர் படுக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இளநீர் வண்டியருகே மாஸ்க்கோடு நின்று மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலும் மாலையிலும் கவிதா குழந்தையைக் கண்ணாடிக்கு அருகில் தூக்கிக் காட்டுவாள். அவர் கீழேயிருந்து சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டுவார். ஆறாம் நாள் யாழினி பூப் பிளாஸ்திரியைத் தானே பிய்த்துத் தின்னப் பார்த்தாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இன்னொந்து ஓலே ஹாக்கிசி" என்றார் பிரேமா சிஸ்டர், இன்னொரு தோட்டையும் போட்டுவிடச் சொல்லி.

அதுதான் நடக்கவில்லை. நான்கு மாதத்தில் மூன்று தடவை நாள் குறித்தோம். முதல் தடவை மச்சான் இரண்டு நாள் முன்பே போன் செய்து, "மாப்ள, எனக்குத் தொண்ட கரகரங்குது, வேண்டாமுங்" என்றார். இரண்டாம் தடவை அக்கா ஒற்றைத் தும்மலுக்கே தகவல் சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை ஆசாரியே, தான் நலமாகத்தான் இருப்பதாகவும் ஆனால் மனைவிக்கு மூக்கடைப்பு என்றும் சொல்லி அனுப்பினார். எங்கள் இரண்டு ஊரிலும் இப்படி ஒரு உண்மை பேசும் காலம் இதற்கு முன் வந்ததில்லை. யாழினி ஒற்றைத் தோட்டோடு நடக்கவே பழகிவிட்டாள்.

இந்த உண்மை பேசும் காலத்தில் பேசாமல் இருந்தது நான் ஒருவன்தான். வேன்காரனோடு நான் கத்தவே இல்லை. விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்பு, கடையில் ஒரு கிரைண்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தொண்டை வலிக்க ஆரம்பித்தது. இரண்டு ராத்திரி தலையணையில் வாயைப் புதைத்து இருமினேன். அடுத்த நாள் காலையில் எழுந்ததும் வழக்கம்போல் முதலில் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். சொன்னால் விசேஷம் நிற்கும் என்று பயந்தேன். மச்சான் எதற்குப் பயந்தாரோ அதற்குத்தான். அவர் நாலு பேர் முன்னால் அழுது ஒப்புக்கொண்டார். நான் அவரைத் திட்டினேன்.

போன வாரம் கவிதா நாலாவது தடவையாக நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தபோது சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் காலண்டரைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"மொளகு ரசம் யாராவது வயிறு பொரட்டறதுக்குக் குடுப்பாங்களா?" அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. "அறுபது பேருக்குச் சொல்லியாச்சு, வேன் வந்து நிக்குது. இருமல அமுக்கணும்னுதான் ரசத்த ஊத்திக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில எங்கண்ணன நீங்க திட்டறப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. நானும் உங்களோட சேந்தவதான்."

யாழினி என் மடியில் ஏறி உட்கார்ந்து, ஒரு பழைய கார்பன் பிரஷ் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு வருவதும் போவதும் தெரியவே இல்லை. நான் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டேன். விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர், "அப்ப அந்த வைரஸ் மைசூர்ங்களா மாப்ள" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. அதில் ஒரு துளி இருமல்கூட இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் கவிதா ஒரு தேதியில் விரலை வைத்தாள். "இந்த நாள் நல்லா இருக்கு. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. அண்ணி நேத்தே பேசிட்டாங்க. நீங்க எப்படி, இப்பவே சொல்லிருங்க."

எனக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொல்வதற்காகத்தான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.